படம் போடாத கல்யாணம்

"செத்துப்பூட்டா."

"சாவல."

"ஆத்துல எறங்கி செத்துப்பூட்டான்றேன். வண்ணாரப்பேட்டைல அல்லாருக்கும் தெரிஞ்சிகீது, உங்களுக்கு மட்டும் —"

"உன் வண்ணாரப்பேட்டைய தூக்கி குப்பைல போடு. பந்தல் போட்டு, மேளம் வச்சி, தாலி கட்டினத நாம அல்லாரும் குந்திகினு கேட்டோமா இல்லியா? அட்சத போட்டாங்களா —"

"நீ பாத்தியா அட்சதைய?"

"நீதாம்மே போட்டே. ஒரு புடி கடலைய வாரி மேல எறிஞ்சியே, மறந்துட்டியா?"

பச்சையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். எறிந்தது வாஸ்தவம். சிந்தின கடலைக்காக மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் வாஸ்தவம். எதிரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிற சிலுவையம்மாள் ராயபுரம் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. கிடங்கில் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள் கைவேலையை நிறுத்தவில்லை, காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

செத்தாளா இருக்கிறாளா என்று இவர்கள் அடித்துக்கொள்கிற அந்தப் பெண்ணின் பெயர் அமிர்தவேணி. அப்படி ஒருத்தி எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ஒரு வாரப்பத்திரிகையில் தொடர்கதையாக வந்த பெண்.

ராசையா அண்ணாச்சியின் கடலைக் கிடங்கில் வேலை என்னவென்றால், உடைத்த கடலையில் கல்லும் சொத்தையும் பொறுக்குவது. கப்பலுக்குப் போகிற சரக்கு, ஒரு சொத்தை தப்பினாலும் மூட்டை திரும்பி வரும். கண்ணுக்கு வேலை உண்டு, கைக்கு வேலை உண்டு, காதுதான் சும்மா கிடக்கும். அந்தக் காதுகளுக்காக ஞானபாக்கியம் வாசித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், புருஷன் போனபிறகு முறத்தோடு இவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தவள். அண்ணாச்சி சம்சாரம் தேவகிருபை அம்மாள் படித்துவிட்டுக் கொடுக்கிற பத்திரிகைகளை வாங்கி வந்து மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் பிரிப்பாள். எல்லாரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வாசிக்கிற கை எப்படிப் பொறுக்கும்? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் ஆளுக்கு ஒரு பிடி, பொறுக்கின கடலையை டீச்சரம்மாவின் கூடையில் போட்டுவிடவேண்டும். படிப்புப் பிடி என்று பெயர். எவளாவது ஒரு நாள் வேலைக்கு வரவில்லையா, அன்று வாசித்ததை மறுநாள் அவளுக்காக மறுபடி வாசிக்கவேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தரம் கேட்பார்கள். வாசித்து முடிந்ததும் கதைக்குப் போட்டிருக்கும் படம் கைக்குக் கை சுற்றி வரும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கண் உண்டல்லவா? எல்லாரும் பார்த்த பிற்பாடுதான் பத்திரிகை தராசுக்குப் பின்னால் இருக்கும் மரப்பெட்டிக்குள் போகும். கதை மொத்தமும் முடிந்தால் தேவகிருபை அம்மாள் வாங்கிப் பைண்டு பண்ணிக்கொள்வாள்.

இன்றைக்குப் புதுக் கதை தொடங்கினார்கள். ஞானபாக்கியம் முதல் பக்கத்தைத் திருப்பினாள். எல்லார் கையும் நீண்டது. பச்சையம்மாள் தன் பிடியைப் போடவில்லை. ஏன் என்று சிலுவையம்மாள் கேட்கப்போய்த்தான் இத்தனை சண்டை.

கதையில் வருகிறவள் செத்தால் இவளுக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் இருந்தது. அடுத்த முறத்தில் தலை குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாளே பட்டம்மாள், பச்சையம்மாளின் தங்கை, அவளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலில் தாலி. இரண்டாவது தாலி.

முதல் தாலியைக் கட்டினவன் லட்சுமணன். யுத்த காலத்தில் ஹார்பரில் கப்பல் சரக்கு தூக்குகிற வலை அறுந்து, மூட்டைகள் அவன் மேலேயே இறங்கிவிட்டன. அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து வந்தவள் பச்சையம்மாள். அப்பன் ஆத்தாள் இல்லாத வீட்டில் அவள்தான் எல்லாம். நான் பார்த்துக் கொடுத்தேன், நான்தான் பறிகொடுத்தேன் என்று அன்றைக்கு நெஞ்சில் விழுந்த முடிச்சு அவிழவேயில்லை. இப்போது கேட்டு வந்திருக்கிற தாமோதரனும் அதே ஹார்பரில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாகக் கேட்கிறான். அந்த இரும்பு ஒருத்தனைத் தின்றது போதும் என்று பச்சையம்மாள் அசையவில்லை.

இந்த நேரத்தில்தான் அமிர்தவேணி வந்து சேர்ந்தாள். சின்ன வயதிலேயே தாலி இழந்தவள், கூடப்பிறப்பு இல்லாதவள், காவிரிக்கரை ஊரில் மாமனார் வீட்டு அடுப்படியில் காலத்தைத் தள்ளுகிறவள். அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் சீதாபதி அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். வாராவாரம் பச்சையம்மாள் மூக்கைச் சிந்தினாள். கட்டிகினா இன்னாவாம், ஊர் இன்னா சோறா போடுது என்று கதைக்குள் இருக்கிற மாமனாரைத் திட்டினாள். சிலுவையம்மாள் சும்மா இருப்பாளா? காயிதத்துல கீறவளுக்கு ஒரு நாயம், வூட்ல கீறவளுக்கு ஒரு நாயமா என்று குத்திவிட்டாள். பச்சையம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செரி. அவ கட்டிகினு நல்லா இருக்கட்டும். அடுத்த முகூர்த்தத்துல எங்க பட்டுவ குடுத்துடறேன். அல்லாரும் கேட்டுக்கங்க."

சிலர் பல்லி சொல்லுக்குக் காத்திருப்பார்கள், சிலர் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பச்சையம்மாள் தொடர்கதையிடம் உத்தரவு கேட்டாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படித்தான் மனசில் வைத்துக்கொண்டாள்.

கதை முடிகிற வாரம் எண்ணூரில் ஒரு கருமாதி. ஒருத்தி போனால் போதும் என்று தங்கையை வேலைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் போனாள். சாயங்காலம் திரும்பி வாசலில் கால் கழுவுகையில், சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பட்டம்மாள், கல்யாணப் பேச்சு வந்தாலே இரண்டு வருஷமாக உள்ளே எழுந்து போய்விடுகிறவள், தானாகவே வாயைத் திறந்தாள். கட்டிக்கறேன்க்கா என்றாள். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. பார்க்கலாம், கதையில் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று பச்சையம்மாள் பிடி கொடுக்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் டீச்சரம்மா விட்டுப்போன பாகத்தை அவளுக்காக வாசித்தாள். அதுதான் கடைசிப் பாகம். பந்தலும் மேளமுமாகக் கல்யாணம். சீதாபதிக்குத் தங்கை இல்லை, அதனால் நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லை என்று எல்லாரும் விழித்தபோது, பெண்ணின் அக்காவே பின்னால் வந்து நின்று மூன்றாவது முடிச்சைப் போட்டாள் என்று வாசித்தாளே, அந்த இடத்தில்தான் பச்சையம்மாள் தன்னை மறந்து ஒரு பிடிக் கடலையை வாரி எறிந்தது. அன்று மாலையே தாமோதரன் வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள்.

நேற்றைக்குக் கூறைப்புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். தையற்கடைக்குப் பக்கத்துச் சந்தில் பழைய சிநேகிதி ஜெரினா இருக்கிறாள். அங்கேயும் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுப்பார்கள், ஜெரினாவின் மருமகள் இதே பத்திரிகையைப் புதுசாக வாங்கி வாசிப்பாள். புடவையைப் பிரித்துக் காட்டி, எல்லாம் அந்த அமிர்தவேணி புண்ணியம் என்றாள் பச்சையம்மாள். அவளுக்கு நல்லபடி கல்யாணம் முடிந்ததே, அந்த வேளைதான் என்றாள்.

ஜெரினா ஊசியை நிறுத்தினாள்.

"கல்யாணமா? அவ அதுக்கு மொத நாளே ஆத்துல எறங்கிட்டாளே புள்ள. அன்னிக்கு பூரா நாங்க ஒரு காஜாகூட எடுக்கல, அழுதுகினே குந்தியிருந்தோம்."

புடவைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராயபுரம் வரைக்கும் நடந்தே வந்தாள். நடக்க நடக்க ஒவ்வொன்றாகக் கிளம்பிற்று. ஜெரினா பொய் சொல்லி என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை. அப்படியானால் டீச்சரம்மாவுக்கு? அன்று கல்யாணம் பூராவும் வாசித்து முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லையே. அத்தனை பெரிய பந்தல் ஒரே பக்கத்தில் அடங்குமா? இரண்டாம் தரம் கேட்கவேண்டி வந்தால் தினம் கொட்டாவி விட்டுப் பரிகாசம் பண்ணுகிற சிலுவையம்மாள், அன்று கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் படம். இந்த வாரம் படம் போடவில்லை என்று சொல்லிப் பத்திரிகையை மூடிவிட்டார்கள். மாமனார் காப்பி குடிப்பதற்கெல்லாம் படம் போட்டவன் கல்யாணத்துக்குப் போடமாட்டானா?

ஸ்டேஷன் கேட்டருகில் வந்ததும் கால் தானாக நின்றது. கூடப்பிறப்பு இல்லாத அமிர்தவேணிக்கு அக்கா எங்கிருந்து வந்தாள்?

இந்த இடத்தில்தான் ஒரு நாள் ஞானபாக்கியமும் தாமோதரனும் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றிற்று. அவன் எதையோ கொடுத்து டீச்சரம்மாவைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான், அவள் அவனுக்காக ஊதுகிறாள். ஒருவேளை அவனையும் பட்டுவையும் சேர்த்துத் தன் வேதக்கோயிலுக்கு இழுக்கப் பார்க்கிறாளோ? இல்லை, அவனுக்கு முன்னமே ஒருத்தி இருந்து, அதை மறைக்கத்தான் இத்தனை ஜோடனையோ? ஒன்றைப் பிடித்தால் அதன் வாலில் இன்னொன்று வந்தது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் நேராகக் கேட்கவில்லை. அமிர்தவேணி கல்யாணத்தில் என்ன பட்சணம் போட்டார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். மறந்துட்டேன்க்கா என்றாள் பட்டம்மாள். கேட்ட கதையை வாரம் கழிந்தும் வரி பிசகாமல் அடுப்படியில் ஒப்பிக்கிறவள் மறந்துவிட்டாளாம். கல்யாணப்பெண், நினைப்பு எங்கேயோ இருக்கும் என்று பச்சையம்மாள் அதை விட்டுவிட்டாள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டாலும் தன் கையால் தலை வாரிவிட்டவளைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் நேற்று. இப்போது கிடங்கில், அட்சதைப் பேச்சு வந்ததும் பச்சையம்மாள் சிலுவையம்மாளை விட்டுவிட்டு டீச்சரம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு டீச்சரம்மா. அந்தாளு உனக்கு இன்னா ஆச காட்டினான்?"

ஞானபாக்கியம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். எந்த ஆளு என்றாள்.

"தாமோதரன். டேசன் கேட்டாண்ட நின்னுகினு குசுகுசுன்னு பேசினீங்களே. கண்ணு அவிஞ்சா பூட்டேன் நானு?"

"அவிய என்கிட்ட ஒரே ஒரு காரியந்தான் கேட்டாவ. கதை கேக்கையில பட்டு சிரிப்பாளான்னு கேட்டாவ. சிரிப்பான்னு சொன்னேன். அம்புட்டுத்தான்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். பட்டம்மாளின் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பினால் பச்சையம்மாளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறிற்று. நல்லா டபாய்க்கிறீங்க, படிக்கத் தெரியாதவன்னுதானே என்றாள். படிக்கத் தெரியாவிட்டால் போகிறது, அந்தப் படத்தைக் காட்டு, படம் பார்க்க யாரும் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை என்றாள். படந்தான் போடவில்லையே என்று சிலுவையம்மாள் குறுக்கே விழுந்தாள். போடாத படத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றாள் பச்சையம்மாள். நான் எழுந்து அந்தப் பெட்டியைத் திறக்கட்டுமா, இல்லை யாராவது எடுத்துத் தருகிறீர்களா?

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முறங்களின் சத்தம் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. வெளியே ஹார்பர் பக்கம் சரக்கு வண்டி ஒன்று பெட்டிபெட்டியாக இடித்துக்கொண்டு போனது.

பிறகு ஞானபாக்கியம்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பத்திரிகையை எடுத்து, தேடாமல் பக்கத்தைப் பிரித்து, பச்சையம்மாளின் மடியில் வைத்தாள்.

படம் இருந்தது. அரைப்பக்கத்துக்கு இருந்தது. படித்துறை. மேல்படியில் ஒரு அகல் விளக்கு. அதற்குக் கீழே தண்ணீர், தண்ணீரின் மேல் விரிந்து கிடந்த கூந்தல். தூரத்தில் கரையோரமாக, தொப்பி கழன்று விழ ஒருவன் ஓடிவருகிறான். இனி எங்கே வந்து சேர்ந்தாலும் அவன் நேரத்துக்கு வரப்போவதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

பச்சையம்மாள் விரலால் அந்தக் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். கடலைத் தூசி காகிதத்தில் ஒட்டிற்று.

"டீச்சரம்மா மேல கோவிச்சிக்காதே," என்றாள் சிலுவையம்மாள். தொண்டையில் பழைய அலை இல்லை. "அது மாட்டேன்னுதான் சொல்லிச்சி. நான்தான் விடல."

அப்புறம் அவள் சொன்னதை வேண்டியமட்டும் சொல்லிவிடலாம். பச்சையம்மாள் எண்ணூருக்குப் போயிருந்த அன்று, உள்ளது உள்ளபடிதான் வாசித்தார்கள். படமும் சுற்றி வந்தது. எல்லாரும் அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிற்பாடுதான், பச்சையம்மாள் எல்லார் முன்னாலும் சொன்ன சொல் சிலுவையம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அமிர்தவேணி ஆற்றோடு போனாள், நாளைக்கு அக்காக்காரி இதைக் கேட்டால் பட்டுவும் போன மாதிரிதான். இல்லாததை வாசிக்க எனக்கு நாக்கு வராது என்று டீச்சரம்மா எழுந்தே போய்விட்டாளாம். வாசலிலிருந்து பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். மறுநாள் காலையில், பச்சையம்மாள் வீட்டு வேலையை முடித்து வந்து சேர்வதற்குள், எல்லாருமாகச் சேர்ந்துதான் அந்தக் கல்யாணத்தை நடத்தினார்கள். பந்தல் சிலுவையம்மாளுடையது, அவள் கல்யாணத்தில் பாய்மரத் துணியால் போட்டார்களாம். மேளம், மூலையில் உட்கார்ந்து பொறுக்குகிற குப்பம்மாள் கொடுத்தாள். சீதாபதியின் பட்டுச்சட்டை டீச்சரம்மாவின் புருஷன் போட்டிருந்தது. ஆளுக்கு ஒரு பிடி போட்டு நிரப்பின கல்யாணம்.

"நான் வாசிச்சதுல அது ஒண்ணுதான் பொய்யி," என்றாள் ஞானபாக்கியம். "வேணும்னா இன்னைக்கி உள்ளத வாசிச்சிக் காட்டுதேன். உன் பிடியும் எனக்கு வேண்டாம்."

பச்சையம்மாள் வாசிக்கச் சொல்லவில்லை. புடவை எடுத்தாயிற்று, கோயிலில் சொல்லியாயிற்று. ஆனாலும் அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமையாகப் போய்விடும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ பந்தலையும் மேளத்தையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு வந்தாள், சொத்தை பொறுக்குகிற மாதிரி.

"அந்த மூணாவது முடிச்சி?" என்றாள். "அக்காக்காரி வந்து போட்டாளே, அது யார் குடுத்தது?"

சிலுவையம்மாள் முறத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். குப்பம்மாள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எல்லாரும் ஒரே ஆளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டதில், பச்சையம்மாளுக்கு அந்த ஆள் யார் என்று தெரிந்துபோயிற்று.

லட்சுமணனுக்கு அக்கா தங்கை கிடையாது. அன்று பட்டம்மாளின் பின்னால் நின்று, ஈரக் கூந்தலை ஒதுக்கி, மஞ்சள் கயிற்றில் மூன்றாவது முடிச்சைப் போட்டது பச்சையம்மாளின் கைதான். அந்தக் கல்யாணத்துக்கு இந்தக் கிடங்கிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

அவள் தங்கை பக்கம் திரும்பினாள். பட்டம்மாள் தலை நிமிரவில்லை. முறத்தில் பொறுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, நல்ல கடலையாகத்தான் கிடந்தது. இருந்தும் விரல் அதையே புரட்டிக்கொண்டிருந்தது. கருமாதிக்குப் போன அன்று இவள் வேலைக்கு வந்திருந்தாள். இதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளதைக் கேட்டாள், படத்தையும் கையில் வாங்கிப் பார்த்திருப்பாள். கல்யாணத்தை ஜோடித்தது மறுநாள் காலையில். அன்று சாயங்காலம், வாசலில், சொம்போடு நின்றபோது, எந்தப் பந்தலும் இன்னும் போடப்படவில்லை.

பச்சையம்மாள் பத்திரிகையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இறங்கியிருந்தது.

"ஏய் பட்டு. அவ ஆத்துல எறங்கினத உன் காதால கேட்டுட்டு வந்துதானா, அன்னிக்கு சாய்ங்காலம் என் கால்ல தண்ணி ஊத்திகினே, கட்டிக்கறேன்க்கான்னு சொன்னே?"